பதினாறு கால்களும் ஒரு சுவரும்

“போனை எடது பக்கம் திருப்பு, ஜரீனா” என்றார் என் வீட்டுக்காரர்.

திருப்பினேன். புயல் கடந்து போன மறுநாள் காலை அது. மரக்காணத்துக்கு வெளியே, உப்பளங்களை ஒட்டியிருக்கும் என் நிலத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. எது பாத்தி, எது வரப்பு என்று தெரியவில்லை. புர்காவைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் செருப்பும் மறு கையில் போனுமாக நின்றிருந்தேன். ஊரில் கரண்ட் இல்லை, பால் வரவில்லை, பஸ் ஓடவில்லை. வளைகுடாவில் உட்கார்ந்துகொண்டு அவர் என்னை மேற்பார்வை பார்ப்பதற்கு வசதியாக டவர் மட்டும் வேலை செய்தது.

“பின்பக்கம் பார்த்துட்டேன். முன்பக்கம் காட்டு.”

காட்டக் கூடாது என்றுதானே இவ்வளவு நேரம் பின்பக்கத்தையே சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அவருடைய அண்ணன் கமால் மச்சான் ரோட்டு மேட்டில் கால் நனையாமல் குடை பிடித்து நின்றிருந்தார். “முன்னாடிதாம்மா விஷயமே இருக்குது. மறைக்காம காட்டு” என்றார்.

காட்டினேன். பதினாறு கால்களின் மேல் நிற்கும் என் உப்புக் கொட்டகையில், முன்வரிசையின் நடுவில் இருந்த இரண்டு கால்கள் ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தன.

“சாஞ்சிருக்குது இல்ல?”

“கொஞ்சம்.”

“கொஞ்சமோ நெறையவோ, நம்ம பேச்சு என்னா?”

கொட்டகை போடும்போது மச்சான் வைத்து, வீட்டுக்காரர் ஒப்புக்கொண்ட அந்தப் பேச்சு என்ன என்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் முழுக்க எல்லாக் கால்களும் நேராக நின்றால் நிலம் எனக்கு. உப்பு பாக்கெட் போடும் என் தொழிலும் அங்கேயே நடக்கலாம். ஒரு கால் சாய்ந்தாலும் நிலத்தை மச்சான் பெயருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். இதற்கு நான் தலையாட்டியிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து தலையாட்டிப் பழகிய கழுத்து அது.

“ரெண்டு நாள் போகட்டும். தண்ணி வடிஞ்சதும் அண்ணன் பேப்பரோட வருவாரு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மச்சான் குடையை மடக்கவில்லை, மழை நின்று வெகுநேரமாகியும்.

யாரும் கேட்காத நிலம்

போன வாரம் இதே பத்திரிகைப் பக்கத்தில் நான் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைப் படித்துவிட்டு, ‘ஒரு பெண்ணுக்கு இவ்வளவு நக்கல் ஆகாது’ என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அவர் இந்த வாரம் சமையல் குறிப்புப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வது அவர் உடம்புக்கு நல்லது.

அந்த நிலம் என் அத்தா எனக்குக் கொடுத்தது. அத்தா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. அண்ணன்களுக்குக் கடையும் வீடும் கொடுத்தவர், எனக்கு உப்பு பூத்த அரை ஏக்கரைக் கொடுத்தார். புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். இருபது வருஷம் அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் பெயரில் இருந்த ஒரே இடம் அதுதான் என்பதால் நான் மட்டும் அவ்வப்போது போய்ப் பார்ப்பேன்.

பிறகு பக்கத்திலிருக்கும் கழுவெளி ஏரிக்கு வரும் பறவைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து கார்கள் வர ஆரம்பித்தன. கமால் மச்சானுக்கும் திடீரென்று பறவைகளின் மேல் பாசம் வந்தது. அங்கே பத்து ரூம் கட்டி வாடகைக்கு விட்டால் எப்படி இருக்கும் என்று பேச ஆரம்பித்தார். அவர் கோட்டக்குப்பத்தில் பெரிய கான்ட்ராக்டர். வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளைக் கட்டுபவர். வீட்டுக்காரர் ஊரில் இல்லாத வீடுகளைக் கட்டுவதில் உள்ள நிம்மதி அவருக்குத் தெரியும்.

நானோ அப்போது எங்கள் கோட்டக்குப்பம் வீட்டு போர்ட்டிகோவில் நாலு பெண்களை வைத்து உப்பு பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். உப்பு தன் வேலையைக் காட்டியது. கேட் துருப்பிடித்தது, மோட்டார் போனது, ஸ்கூட்டியின் அடிப்பாகம் உதிர்ந்தது. போர்ட்டிகோவின் கூரையில் கான்கிரீட் பெயர்ந்து உள்ளேயிருந்த கம்பி எட்டிப் பார்த்தது. அந்த வீட்டைக் கட்டியதும் மச்சான்தான்.

“பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சா சரியாப்பூடும்” என்றார். அவருடைய வைத்தியத்தில் எல்லா நோய்க்கும் சுவரில் பூசும் பட்டிதான் மருந்து.

கடப்பாரை சொன்னது

என் நிலத்திலேயே ஒரு கொட்டகை போட்டு, தொழிலை அங்கே கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்தேன். மச்சான் ஒரு பிளான் கொடுத்தார். சுற்றி அஸ்திவாரம், மேலே பீம், பில்லர், தளம், பாதி நிலத்துக்குக் கிராவல் மண். எல்லாம் முடிந்த பிறகு உப்பு வைக்க ஒரு மூலை மிஞ்சும்.

அந்தச் சமயத்தில்தான் மரியதாஸ் அண்ணனைப் பிடித்தேன். பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர். வலை வைக்கும் கொட்டகைகள், இறால் பண்ணைக் கொட்டகைகள், சர்ச் திருவிழாப் பந்தல் எல்லாம் அவர் போட்டதுதான். அளவு டேப் எடுக்கவில்லை. நிலத்தின் நடுவில் போய்க் கடப்பாரையை ஊன்றி அழுத்தினார். பாதிக்கு மேல் உள்ளே போனது.

“இங்க அஸ்திவாரம் போட்டீங்கன்னா, செவுரு மேல வர்றதுக்குள்ள அது கீழ போயிடும்மா” என்றார்.

“அப்ப என்னண்ணே பண்றது?”

“பதினாறு குழி வெட்டணும். கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் வெட்டணும். கால நடணும். மத்த எடத்த தொடவே வேணாம்.”

அவர் மொத்தமாகப் பேசியது அவ்வளவுதான். மீதியைச் செய்து காட்டினார். மண்ணில் புதையும் பகுதிக்குப் பெருமுக்கல் பக்கத்திலிருந்து கருங்கல் கால்கள் வந்தன. கல் துருப்பிடிக்காது, கரையான் தின்னாது. கல்லின் மேல், புதுச்சேரியில் இடித்த பழைய வீடுகளிலிருந்து வந்த பனை உத்திரங்கள் நிமிர்ந்து நின்றன. போல்ட் நட்டு கிடையாது. இந்த உப்புக் காற்றில் போல்ட் ஒரு வருஷம் தாங்கினால் அதிகம். போட்டில் நங்கூரத்துக்குக் கட்டும் நைலான் கயிற்றால் எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டுக் கட்டினார். இடுப்பளவு உயரத்தில் பலகைத் தளம், மேலே சிமெண்ட் ஷீட், சுற்றிலும் சுருட்டி வைக்கிற தார்பாய். எட்டாவது நாள் உள்ளே உட்கார்ந்து டீ குடித்தோம்.

மச்சானின் தளத்துக்கு முட்டுக் கொடுக்கும் பலகைகளைப் பிரிப்பதற்கே அதைவிட அதிக நாள் காத்திருக்க வேண்டும்.

உள்ளே குறுக்குச் சுவர் கிடையாது. மூட்டையை எங்கே வேண்டுமானாலும் அடுக்கலாம். பாரம் முழுக்கக் கால்களில் இறங்குவதால் பக்கத்துத் தார்பாயைக் கழற்றினாலும் மாட்டினாலும் கட்டடத்துக்குக் கவலையில்லை. காற்று உள்ளே வந்து, யாரையும் கேட்காமல் வெளியே போகும். தண்ணீர் வந்தால் கீழே ஓடும். நாளைக்குப் பெரிதாக்க வேண்டுமானால் இன்னும் நாலு குழி. வேண்டாமென்றால் முடிச்சை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டிக்கொள்ளலாம். இவ்வளவு வசதி இருக்கும் ஒன்றை எங்கள் ஊரில் கட்டடம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பிரியாணி போடாத பாவம்

எங்கள் பக்கம் ஒரு கட்டடம் கட்டடமாவது தளம் போடுகிற அன்றைக்குத்தான். கலவை மிஷின் ஓடும், கொத்தனாரும் சித்தாளும் ஏணியில் ஏறி இறங்குவார்கள், சொந்தக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை வேடிக்கை பார்ப்பார்கள், மதியம் எல்லாருக்கும் பிரியாணி. அன்று சாப்பிட்டவர்கள்தான் அந்த வீட்டுக்குச் சாட்சி.

என் கொட்டகையில் கான்கிரீட் தளமும் இல்லை, பிரியாணியும் இல்லை. அதனால் அது இருப்பதாகவே யாருக்கும் தெரியவில்லை. “உன் தங்கச்சி ஏதோ பந்தல் போட்டிருக்காளாமே, யாருக்குக் கல்யாணம்?” என்று என் பெரிய அண்ணனிடம் ஒருவர் உண்மையாகவே விசாரித்திருக்கிறார்.

இதே மச்சானிடம் சென்னை பார்ட்டி ஒருவர், தண்ணீர் மேல் கால் வைத்து நிற்கும் ஒரு ரிசார்ட்டின் படத்தைக் காட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். “பிரமாதமான டிசைன் சார், நேச்சரோட ஒத்துப்போவுது” என்றார் மச்சான். இரும்பை கிராமத்துப் பக்கம் எங்கெங்கிருந்தோ படித்த பிள்ளைகள் வந்து குழி வெட்டி மூங்கில் நட்டுப் பழகுகிறார்கள். அவர்களையும் அவர் அதிசயமாகப் பார்த்துத் தலையாட்டுவார். அவர்கள் நட்டால் டிசைன், நான் நட்டால் பந்தல்.

ஒட்ட இடமில்லாத டைல்ஸ்

இந்த இடத்தில் நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மச்சானை மட்டும் குறை சொல்கிறேன் என்பீர்கள். அவரைக் குறை சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனாலும் நியாயம் வேண்டும்.

கொட்டகை முடிந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு டைல்ஸ் அனுப்பினார். பச்சை நிறத்தில், தங்க எழுத்தில் ‘மாஷா அல்லாஹ்’ என்று எழுதியது. வெளிநாட்டுக் காசில் எழும்பிய எந்த வீட்டின் முகப்பிலும் அதைப் பார்க்கலாம். அதை எங்கே ஒட்டுவது? என் கட்டடத்தில்தான் சுவரே இல்லையே.

“முன்னாடி மட்டும் ஒரு செவுரு கட்டிடு. ரோட்ல போறவன் பார்த்தா ஒரு மதிப்பா இருக்கும்” என்றார் போனில். மச்சான் மறுநாளே செங்கல் இறக்கிவிட்டார். தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு, முன்வரிசையின் நடுக் கால்கள் இரண்டையும் சேர்த்துச் சிமெண்ட் பூசி, ஒரு சுவர்.

“காலும் செவுரும் ஒண்ணுக்கொண்ணு பலம்மா” என்றார்.

மரியதாஸ் அண்ணன் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். “செவுரு வெச்சா தண்ணி எங்கம்மா போகும்?” என்று கேட்டார்.

“சின்ன செவுருதானேண்ணே, இருந்துட்டுப் போகட்டும்” என்றேன்.

எனக்கும் ஆசைதான். பிரியாணி போடாத கட்டடத்துக்கு டைல்ஸாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது எனக்கு வலித்தது. அந்த வலியில் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன்.

புயலன்று கழுவெளி நிறைந்து, தண்ணீர் என் நிலத்தின் வழியாக ரோட்டுப் பாலத்தைத் தேடி ஓடியது. பதினான்கு கால்களுக்கு இடையே புகுந்து போனது. முன்னால் வந்து சுவரில் முட்டியது. ஒரு பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டே போக, சுவர் ரோட்டுப் பக்கமாகக் குப்புற விழுந்தது. விழும்போது தன்னோடு சிமெண்ட் பூசிக்கொண்ட இரண்டு கால்களையும் கூடவே இழுத்தது. மச்சான் சொன்னது சரிதான், இரண்டும் ஒன்றையொன்று விடவில்லை.

பலகைத் தளத்தின் மேல் இருந்த உப்பு மூட்டை ஒன்றுகூட நனையவில்லை. டைல்ஸும் உடையவில்லை, தண்ணீர் வடிந்த பிறகு சேற்றிலிருந்து எடுத்துக் கழுவித் துடைத்து வைத்தேன். மூட்டை நனையாததையும் சுவரால் வந்த வினையையும் அன்று போனில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவர் வைத்துவிட்டார்.

பேப்பரோடு வந்தவர்

அந்த இரண்டு நாளும் எனக்கு இரண்டு கவலை. நிலம் போனால் நாலு பெண்களும் எங்கே போவார்கள் என்ற கவலை ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கவலை, மறுபடியும் அந்த போர்ட்டிகோவில் போய் உட்கார்ந்து, யாரோ போட்ட பிளானில், யாரோ கட்டிய கூரையைப் பார்த்துக்கொண்டு மிச்ச வயதைக் கழிக்க வேண்டுமே என்பது. சுயநலம்தான். ஒளிக்க விரும்பவில்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. மரியதாஸ் அண்ணன் ஆறு ஆட்களோடும் லாரிக்குப் போடும் ஜாக்கியோடும் போட் இழுக்கும் கயிற்றோடும் வந்தார். ‘எப்படி ஆச்சு’ என்று கேட்கவில்லை. ‘நான் அன்னைக்கே சொன்னேன்’ என்றும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட மனிதர்கள் எங்கள் குடும்பத்தில் ஏன் பிறப்பதில்லை என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

சாய்ந்த காலில் ஒட்டியிருந்த செங்கலை உடைத்தெடுத்தார். மேலே இருந்த உத்திரத்துக்கு ஜாக்கி வைத்து முட்டுக் கொடுத்து, முடிச்சை அவிழ்த்துக் காலைக் கழற்றித் தரையில் படுக்க வைத்தார். குழியை இன்னும் ஆழமாக வெட்ட ஆரம்பித்தார்கள். மேலே பலகையில் நாலு பெண்களும் வழக்கம்போல உட்கார்ந்து பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் வேலை பாக்கி இருந்தது.

அப்போதுதான் மச்சான் கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு காரிலிருந்து இறங்கினார். கழற்றிப் போட்ட காலையும் மேலே உட்கார்ந்திருந்த பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்மா, மேல வுழுந்துடப் போவுது. எல்லாரையும் எறங்கச் சொல்லு.”

பாக்கெட்டை ஒட்டிக்கொண்டே செல்வி பதில் சொன்னாள். “மத்த கால்லாம் நிக்குது பாய். நீங்க வேணா ஓரமா நில்லுங்க.”

மச்சான் தன் போனிலேயே தம்பியைக் கூப்பிட்டார். “டேய், சாஞ்சது மட்டுமில்ல, இப்ப கழட்டியே போட்டிருக்கா. நீயே பாரு” என்று போனைச் சுற்றிக் காட்டினார். நான் காட்டத் தயங்கிய எல்லாவற்றையும் அவர் பொறுமையாகக் காட்டினார். விழுந்த சுவர், படுத்திருந்த கால், ஜாக்கி, கூரை, பாக்கெட் போடும் பெண்கள், அடுக்கி வைத்த மூட்டைகள்.

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கட்டடத்தைப் பார்க்கத் தெரியாதவர் இல்லை. ஊரில் அண்ணன் இருக்கும்போது தனக்குக் கண் தேவையில்லை என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

“அண்ணே, உன் சைட்ல ஒரு பில்லர எடுத்துட்டு, மேல இருக்கறவங்கள வேலை செய்யச் சொல்ல முடியுமா?”

மச்சான் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“செவுரு இல்லாத கால் எதுனா சாஞ்சிருக்குதா?”

“அதெல்லாம் நிக்குது. அதுக்காக, பேச்சுன்னா பேச்சு இல்லையா?”

“பேச்சு காலப் பத்திதான். செவுரு நான் கேட்டது. தப்பு என்னுது. நீ பேப்பர எடுத்துட்டு வூட்டுக்குப் போண்ணே.”

கல்யாணமானதிலிருந்து தன் தப்பு என்று அவர் ஒப்புக்கொண்டது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எது என்று எனக்கு ஞாபகம் இல்லை, இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் திரும்பி நின்று அழுதேன். பாதி சந்தோஷம், பாதி ஆத்திரம். என் நிலம் என்னிடமே இருக்கலாம் என்று இரண்டு ஆண்கள் போனில் பேசி முடிவு செய்ததற்கு நான் அழுகிறேனே என்று ஆத்திரம். மரியதாஸ் அண்ணன் அதைப் பார்க்காத மாதிரி குழிக்குள் கல்லைப் போட்டுக் கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் இரண்டு கால்களும் நேராக நின்றன.

இன்னும் நாலு

ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். நலம் விசாரித்தார், ஸ்கூட்டியை விசாரித்தார். பிறகு, “ஊர்ல இதப் பத்தி பெருசா பேசிக்காத. அண்ணனுக்கு ஒரு மாதிரி இருக்கும்” என்றார்.

பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை ஒருவரிடமும் பேசியதில்லை. எழுதுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“பின்னாடி இன்னும் நாலு கால் போட்டா ஒரு ரூம் வருமா?”

“யாருக்கு?”

“எனக்குத்தான்” என்றார். “கோட்டக்குப்பம் வூட்ல யாரு இருக்கா? புள்ளைங்களும் போயிடுச்சுங்க. அன்னைக்கு அண்ணன் காட்டறப்ப பார்த்தேன், அங்க நல்லா காத்து வருது.”

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றரை மாசம் வருவார். தளம் போட்டு, பிரியாணி போட்டு, டைல்ஸ் ஒட்டி அவர் கட்டிய அந்த வீட்டில் அவர் தூங்கிய நாட்களையெல்லாம் கூட்டினால் ஒரு முழு வருஷம் தேறுமா என்பது சந்தேகம். ‘அடுத்த வருஷம் முடிச்சுட்டு வந்துடறேன்’ என்று அவர் சொல்ல ஆரம்பித்தபோது எங்கள் பெரிய பையன் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். நக்கலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தேன், வாய் வரவில்லை.

“வரும்” என்றேன். “நாலு குழிதானே, ரெண்டு நாள் வேலை. நீங்க வர்ற தேதிய சொல்லுங்க, வெட்டச் சொல்றேன்.”

“சொல்றேன்” என்றார்.

இன்னும் சொல்லவில்லை. குழி நாலையும் வெட்டிவிட்டேன்.